ஏஜென்சிக்காரனிடம் காணி உறுதியைக் கொடுக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ கெயார் விசாவுக்கு, அதாவது முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கான விசாவுக்கு, ஏஜென்சியில் முற்பணம் கட்டியதாகவும் காணி உறுதியையும் கொடுக்கப் போவதாகவும் அம்மா சொன்னா. அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரித்தானியா 2025 ஜூலை 22 உடன் நிறுத்திவிட்டது. எடுத்துத் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் பொய்.

இங்கே மிடில்ஸ்பரோவில் நான் பராமரிக்கிற ஐயா பக்கத்து ரெட்கார் உருக்காலையில் வேலை செய்தவர். காலையில் உடம்பு துடைக்கும்போது தணல் தெறித்த தழும்புகள் முழங்கை வரை தெரியும். ஒரு சம்பளத்தில் வீடு வாங்கி மூன்று பிள்ளைகளை வளர்த்த மனிதர். 2015 இல் அந்த ஆலை மூடி 2,200 பேருக்கு வேலை போனது, அதில் அவர் மகனும் ஒருவன். இப்போது ஏதோ கிடங்கில் வாரத்துக்கு வாரம் நேரம் மாறுகிற வேலை, இன்னும் வாடகை வீடு. "உழைத்தால் மேலே வரலாம் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள்" என்று என்னிடமே சொன்னான்.

அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 2024 ஆகஸ்டில் இதே ஊரில் வெளிநாட்டுக்காரருக்கு எதிரான கலவரக்காரர் வீடுவீடாக ஜன்னல்களை உடைத்துக்கொண்டு வந்தார்களே, நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு மாடியில் இருந்தோமே, அந்த ஆலையை மூடியது நாங்களா? மூடியவர்களின் ஜன்னலில் ஒரு கல்லும் விழவில்லை. அதற்குப் பிறகு அரசாங்கமும் எங்கள் மேல்தான் கையை வைக்கிறது: ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவுரிமை என்றுதான் நாங்கள் வந்தோம், 2025 இல் அதைப் பத்து வருடமாக்கப் போகிறோம் என்றார்கள், எங்கள் வேலைக்காரருக்கு அதைவிடக் கூடவாம்.

உன் கோபமும் நியாயமானதுதான். "படி, படித்தால் உத்தியோகம்" என்று அப்பா சொல்லிச் சொல்லிப் படிப்பித்தார், நீயும் திருகோணமலையில் கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் பட்டம் எடுத்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கிறாய். 2022 இல் சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு நம் ஊர் சனம் மண்ணெண்ணெய் லைனில் நின்றது, ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார், 2024 இல் மாற்றம் என்று நம்பி நீயும் வாக்குப் போட்டாய். நாடாளுமன்றத்தில் 159 ஆசனம் பெற்ற தேசிய மக்கள் சக்தியிடம் வேலை எங்கே என்று கேட்க உனக்கு முழு உரிமை இருக்கிறது, அங்கேயே நின்று கேள். எனக்கு இங்கே வாக்கு இருந்தும் விசா முதலாளி கையில் இருப்பதால், சம்பளம் குறைந்தாலும் வாய் திறக்கப் பயம்.

பாலையூற்றுக் காணி உறுதியை ஏஜென்சிக்காரனிடம் கொடுக்காதே. முற்பணத்தைத் திருப்பிக் கேள், தராவிட்டால் பற்றுச்சீட்டோடு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு செய். ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா