கோடை மலையேற்றம்: பேர் குடுத்துருங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. மே மாசம் மூணு ஞாயிறு, மூணு மலை. அவங்கவங்க முட்டிக்குத் தக்கனதைப் பாத்துக்குங்க.

1. முதல் ஞாயிறு, சென்னிமலை. 1,320 படி. குழந்தைக, பெரியவங்க வரலாம். காலை 5.30க்கு அடிவாரம், நேரமாச்சுன்னா படி சுடும்.

2. இரண்டாம் ஞாயிறு, கொல்லிமலை ஆகாயகங்கை அருவி. ஆயிரத்துக்கு மேல படி. எறங்கறது லேசு, திரும்பி ஏறறப்பத்தான் தெரியும்.

3. மூணாம் ஞாயிறு, வெள்ளியங்கிரி. ஏழு மலை, விளையாட்டில்லை. சனி ராத்திரி 9 மணிக்கு அடிவாரம் பூண்டி. மூங்கில் தடி அங்கயே கிடைக்கும். டார்ச், ஸ்வெட்டர் கட்டாயம். கீழே வேர்த்தாலும் உச்சியில காத்து நடுக்கிரும். இருதயக் கோளாறு, மூச்சிரைப்பு இருக்கறவங்க வேண்டாமுங்க.

4. பிளாஸ்டிக் பை எதுக்கும் கொண்டுவராதீங்க.

புதன் ராத்திரிக்குள்ள பேரு, மலை எண், எத்தனை பேருன்னு போடுங்க. கட்டைவிரல் மட்டும் போட்டா வேன்ல இடம் கிடையாதுங்க.