மாம்பலத்தில் இறங்காத அக்காவுக்கு

செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் செல்லும் காலை வண்டியில், மகளிர் பெட்டியில் உடன் வரும் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். நேற்று கஞ்சி குடித்தார்; என் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நாலடி நடந்தார். நடந்தவை உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுதக் கை வரவில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

கூடுவாஞ்சேரியில் ஏறிக் கோட்டையில் இறங்கி அலுவலகம் போகிறவள் நான். உடன் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வருவது என் வழக்கம். திரிசூலத்தில் விமான நிலைய ஊழியர்கள் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே இறங்குவார்கள். கிண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகிற பெண்கள் இறங்கியதும் பெட்டியில் கொஞ்சம் காற்று வரும். மாம்பலத்தில் துணிக்கடைப் பெண்கள், எல்லோரும் ஒரே நிறச் சேலையில். எழும்பூர் தாண்டியதும், எக்ஸ்ரே உறையும் வயர் கூடையுமாக வந்தவர்கள் வாசலுக்கு நகர்ந்துவிடுவார்கள். பார்க் என்கிற பூங்கா நிலையத்தில் இறங்கி அருகில் உள்ள அரசு பொது மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அவர்கள். யாருக்கு என்னவோ என்று மனம் பதைக்கும். அப்படியொரு உறை என் மடிக்கே வந்தபோது, பெட்டியில் எத்தனை கண்கள் என்மேல் இருந்தன என்பது தெரிந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறும் பூக்கார அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வாசலோரம் தரையில் உட்கார்ந்து, கூடையை முழங்காலுக்கு நடுவே இருத்திக்கொண்டு கட்டத் தொடங்குவார். டப்பாவில் ஊறிய வாழைநாரை நகத்தால் கிழித்து, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் கூடையில் இருக்காது. வண்டி மாம்பலம் சேர்வதற்குள் சரம் பந்தாகச் சுருண்டுவிடும். கோவிலுக்குப் போகிறவர்கள் வரும் நேரத்துக்குத் தெருவில் இருந்தால்தான் அவருக்கு வியாபாரம்.

அந்த நாட்களில் ஒரு காலை, சோற்றையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு ஏறியவள் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். தோளில் ஈரக் கை பட்டது. "எழுந்திரு கண்ணு, பார்க் வந்துவிட்டது." கையில் கூடையோடு அக்கா நின்றிருந்தார். தூக்கக் கலக்கத்தில் இறங்கி ஓடினேன். சுரங்கப்பாதையில் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது: மாம்பலத்தில் இறங்க வேண்டியவர் அவர். கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர் எல்லாவற்றையும் கடந்து, என்னை எழுப்புவதற்காகவே வந்திருக்கிறார். திரும்பிப் போக எதிர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அவருடைய சீசன் டிக்கெட்டும் மாம்பலம் வரைதான். வழக்கமாகக் கோட்டையில் இறங்குகிறவளுக்குப் பார்க்கில் வேலை என்று என் மடியில் இருந்த உறையைப் பார்த்தே தெரிந்துகொண்டாராம். மறுநாள் கேட்டதற்குத் தலை நிமிராமல் சொன்னார்: "நாலு முழம் கட்டுகிற நேரம். அதற்கென்ன?"

அதன் பிறகு அவர் மாம்பலத்தில் இறங்கும்போதெல்லாம், கடற்கரை வரை போகும் கல்லூரிப் பெண்ணிடம் என்னை ஒப்படைத்துவிட்டு இறங்குவார். அந்தப் பெண் வராத நாளில் வேறொருவரிடம். என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் இல்லையென்றால் பகல் முழுவதும் அம்மாவின் படுக்கையருகே நின்றிருக்க என்னால் முடிந்திருக்காது.

இரத்தம் கொடுத்த பக்கத்துப் பெட்டித் தம்பிகள், ஜன்னலோர இடத்தை எனக்கென்று விட்டுவைத்த தாம்பரத்து ஆசிரியை, வார்டில் இரவெல்லாம் கால் ஓயாமல் நடந்த செவிலியர்கள், என் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்த அலுவலகத் தோழிகள், கடைசி வண்டிக்கு வந்தாலும் காத்திருந்த கூடுவாஞ்சேரி ஆட்டோ அண்ணன்: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டும். இப்போதைக்கு இந்த ஒரு வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அம்மாவும் இதே தடத்தில் வேலைக்குப் போனவர்தான். 2004 வரை ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகளில் தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை. பெட்டியில் நடந்த வளைகாப்புகளையும், சீட்டுப் பணம் கட்டியதையும், அழுதவளைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டதையும் கதை கதையாகச் சொல்வார். பூக்கார அக்காவைப் பற்றிச் சொன்னதும், "அவளைக் கூட்டிக்கொண்டு வா, நான் பார்க்க வேண்டும்" என்கிறார்.

இனி நான் பயணம் செய்யும் பெட்டியில் எக்ஸ்ரே உறையோடு யார் ஏறினாலும் என் இடம் அவருக்குத்தான். அவர் தூங்கினால் எழுப்புவது என் பொறுப்பு.

திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருகிறேன். அதற்குள் அக்காவைப் பார்க்கிறவர்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா அழைத்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.