எண்ணினால் கிடைக்கும் பை (π): வட ஆர்க்காட்டுக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் லேத் பட்டறை நடத்துகிறேன். வட்டம்தான் என் பிழைப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகிவிட்டாலும் எனக்கு எல்லாம் இன்னும் வட ஆர்க்காடுதான். ஆகவே மூன்றுக்கும் சேர்த்து ஒரே மடல்.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்தான் பை. பட்டறைப் பக்கம் வரும் பிள்ளைகளிடம் பை என்றால் என்ன என்று கேட்டால் 22/7 என்று ஒப்பிக்கிறார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். சில வகுப்புகளில் வளையலையும் தட்டையும் நூலால் சுற்றி அளக்க வைக்கிறீர்கள். நல்லதுதான். சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்று மடங்கும் கொஞ்சமும் என்பது அதில் விளங்கிவிடும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை நூல் சொல்லாது. நூல் இழுபடும், ஸ்கேல் மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மில்லிமீட்டருக்கும் நுணுக்கமாக அளக்கும் என்னுடைய வெர்னியர் அளவியைக் கொடுத்தாலும் இரண்டு மூன்று தசமத்துக்கு மேல் நகராது. பையை அளந்து பிடிக்க முடியாது, கணக்கிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளியில் கவராயத்தை ஊன்றி, பத்துக் கட்ட ஆரத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு வட்டத்துக்குள் இருக்கும் வெட்டுப் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கட்டம் பங்கு என்று வைத்துக்கொண்டால், புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய வட்டத்தின் பரப்பளவு. பரப்பளவு என்பது பை பெருக்கல் ஆரம் பெருக்கல் ஆரம். ஆக, எண்ணியதை 100 ஆல் வகுத்தால் பை.

முழு வட்டத்தையும் எண்ண வேண்டியதில்லை. கால் வட்டத்தை எடுத்து, நடுப்புள்ளியை விட்டு, இரண்டு ஓரக் கோடுகளில் ஒன்றை மட்டும் சேர்த்து எண்ணினால் 79. நான்கால் பெருக்கி நடுப்புள்ளியைக் கூட்டினால் 317. விடை 3.17. வகுப்பில் கட்டாயம் ஒரு சண்டை வரும்: குறுக்கே 6, மேலே 8 என்ற புள்ளி உள்ளேயா வெளியேயா? பென்சில் கோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 36ஐயும் 64ஐயும் கூட்டச் சொல்லுங்கள். சரியாக 100, வட்டத்தின் மேலேயே இருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம். பிதாகரஸ் தேற்றம் தன்னால் உள்ளே வந்துவிடும்.

ஆரத்தை 20 ஆக்கினால் கால் வட்டத்தில் 314 புள்ளிகள், மொத்தம் 1257. அதை 400 ஆல் வகுத்தால் 3.1425. ஆனால் ஆரம் கூடும்தோறும் விடை நெருங்கிக்கொண்டே போகும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 12 எடுத்தால் மொத்தம் 441 புள்ளிகள், 144 ஆல் வகுத்தால் விடை 3.06, பத்துக் கட்ட வட்டத்தைவிட மோசம். முன்னும் பின்னும் ஆடித்தான் நெருங்கும். அந்த ஆட்டத்தையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பழைய கிரேக்கக் கணித அறிஞர் ஆர்க்கிமிடீஸ் வேறு வழியில் போனார். வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களைப் பொருத்தி, பை 223/71க்கு மேல், 22/7க்குக் கீழ் என்று நிறுவினார். அதாவது நாம் பை என்று மனப்பாடம் செய்விக்கும் எண், அவர் போட்ட மேல் வரம்பு. பெரிய வகுப்புகளுக்குக் கேரளத்துக் கணித அறிஞர் மாதவரின் தொடரைச் சொல்லலாம்: 1லிருந்து 1/3ஐக் கழி, 1/5ஐக் கூட்டு, 1/7ஐக் கழி, இப்படியே போய் நான்கால் பெருக்கு. ஆமை வேகம்தான், ஆனால் பைக்குத்தான் போய்ச் சேரும்.

22/7ஐக் கொண்டு கணக்குப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்குக் காவலூரைக் காட்டுங்கள். அங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி விட்டம் 2.34 மீட்டர். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை வெட்டினால், 22/7 கணக்கில் சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரும். என் பட்டறையிலேயே அதை ஏற்க மாட்டேன்.

3.14ஐ நினைவூட்டுவதால் பை தினமாகக் கொண்டாடும் மார்ச் 14 அன்று பையின் தசம இலக்கங்களை ஒப்பிக்கும் போட்டிக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை இந்த நோட்டு வேலையைக் கொடுங்கள். நூல் சுற்றி அளக்க வட்டத் தகடுகள் தேவைப்படும் பள்ளிகளுக்கு, கழிவுத் தகட்டில் கடைந்து காசில்லாமல் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு லேத் பட்டறைக்காரர்
காட்பாடி