அப்பாவுக்கு, லிவர்பூலிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர்தான் இன்னும் பழகவில்லை, அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. சரி, லிவர்பூல் கால்பந்து கிளப்பின் ஆன்ஃபீல்ட் மைதானத்துக்குள் போனாயா என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உள்ளே போய்விட்டேன், ஆனால் மேட்சுக்கு இல்லை, காசு கட்டிச் சுற்றிப் பார்க்கும் டூரில். மேட்ச் டிக்கெட் எல்லாம் தீபாவளிக்கு ரயிலில் இடம் பிடிப்பது போல.

நீங்கள் வெட்டி வைத்திருக்கும் பழைய படத்தில் ஆள்மேல் ஆளாக நிற்கிறார்களே, அந்த கோப் கேலரி இப்போது முழுக்க சிவப்பு நாற்காலி. ஒரு காலத்தில் 28,000 பேர் நின்ற இடம், இப்போது சுமார் 12,000 பேர்தான். 1900இல் பிரிட்டிஷாரின் போயர் போரில் சண்டை நடந்த தென்னாப்பிரிக்க மலை ஒன்றின் பெயராம் அது, காந்தி அங்கே ஸ்ட்ரெச்சர் தூக்கியிருக்கிறார், தெரியுமா?

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர், சட்டைப் பட்டன் போட்டுவிடும்போதெல்லாம் கோப் கதைதான். சின்னப் பையனாக இருந்தபோது அவரைத் தலைகளுக்கு மேலேயே கைமாற்றிக் கைமாற்றி முன்னால் இறக்கிவிடுவார்களாம். கோல் விழுந்தால் கூட்டம் அப்படியே சரியும், பத்துப் படி கீழே போய் நின்று திரும்பிப் பார்த்தால் கூட வந்தவரைக் காணோம். கழிப்பறைக்கு நகர வழியில்லாமல் செய்தித்தாளைச் சுருட்டி அதற்குள்ளேயே... முன்னால் நிற்பவனுக்குக் கால் சூடாகும்போதுதான் விஷயம் தெரியுமாம். சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரிப்பார்.

1989 பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சிரிப்பு இல்லை. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம், ஏப்ரல் 15, லிவர்பூல் ஆடிய எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பை) அரையிறுதி. ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பிவேலிக் கூண்டுகளுக்குள் மேலும் கூட்டம் போகும்படி போலீஸ் கதவைத் திறந்துவிட, நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிர் போனது. பழியை ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். அதில் பொய் எழுதிய பத்திரிகை ஒன்றை இந்த ஊரில் பல கடைகள் இன்றும் விற்பதில்லை. ரசிகர்கள் மேல் தப்பில்லை என்று ஜூரி சொல்வதற்குள் 2016 ஆகிவிட்டது!

அதற்கப்புறம்தான் பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் நாற்காலி என்றார்கள். கோப்பில் கடைசியாக நின்று பார்த்த மேட்ச் 1994 ஏப்ரல் 30, நார்விச் அணியிடம் 1-0 தோல்வி. பெரியவருக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கொன்றது வேலியும் நிர்வாகமும்தானே, நின்றதா கொன்றது என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. நியாயம்தான், ஆனாலும் நாற்காலி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலையைத்தான் பொறுக்க முடியவில்லை. 2016இல் 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்ததும், சண்டர்லாந்து அணியுடனான மேட்சில் 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை, அவர்கள் போனபிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு சமன் செய்துவிட்டது. கிளப் விலையைத் திரும்பப் பெற்றது.

2022இல் நின்று பார்க்க மறுபடி அனுமதி வந்தது, ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு கம்பி வைத்து. வியாசர்பாடியில் சுவர்மேல் காலைத் தொங்கப்போட்டு மேட்ச் பார்த்தவன் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், டூர் கைடு கூப்பிடும்வரை. பெரியவரிடம் வந்து சொன்னால், "சரி, என் முழங்கால் விடவேண்டுமே" என்கிறார்.

நீங்கள் கேட்ட ஸ்கார்ஃப் வாசலில் ரோட்டோரக் கடையில் வாங்கிவிட்டேன், உள்ளே கடையில் விலை கட்டுப்படியாகவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவைப் பொடி மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்