குரங்குக்குத் தாளம் வரலன்னா ஆராய்ச்சியே வீணா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல விலங்குகளும் இசையும் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, ஆனா கடைசில நமக்கு நெருங்கின சொந்தமான குரங்குக்கே தாளம் பிடிபடல, அப்புறம் கிளிய ஆட விட்டுப் பாத்து மனுஷனோட இசையும் பேச்சும் எப்படி வந்துச்சுன்னு என்னத்த கண்டுபிடிக்கப் போறாங்கன்னு எழுதி முடிச்சிருந்தீங்க. அதை அப்படியே விட மனசு வரல. நான் மிருதங்கம் சொல்லித் தர்றவன், இந்த விஷயத்தை ரொம்ப வருஷமா தேடிப் படிக்கிறவன்.

ரீசஸ் குரங்குக்கு பீட் பிடிக்கிறது சுலபமா வரலங்கறது நெசம்தான். ஆனா ஆராய்ச்சிக்கு துப்பு கிடைக்கிறதே அங்கதான் சார். அமெரிக்காவுல இருக்கிற ஸ்னோபால்ங்கற காகட்டூவ (அதுவும் ஒரு கிளி வகைதான்) வச்சு, இசையும் மூளையும் பத்தி ஆராயிற அனிருத் படேல் குழு 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுக்குப் பழக்கமான பாட்டையே சுருதி மாறாம வேகத்தை மட்டும் கூட்டிக் குறைச்சு 11 விதமா போட்டு, ஆடுறத வீடியோ எடுத்து, தலை ஆட்டம் பீட்ல விழுதான்னு அளந்தாங்க. முழு நேரமும் சேரல, சேரும், விலகும், மறுபடி வந்து சேரும், ஆனா தற்செயலா நடந்திருந்தா இவ்வளவு தூரம் சேராதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. புதுசா தாளம் போடுற பசங்களும் அப்படித்தான் போவாங்க, எனக்கு அது நல்லாவே தெரியும்.

படேல் இதுக்கு சொன்ன காரணம் என்னன்னா, கிளி கேட்ட சத்தத்தை திருப்பிச் சொல்லும், அதுக்கு மூளையில காதையும் தொண்டையையும் கட்டிவைக்கிற இணைப்பு பலமா இருக்கணும், அதே இணைப்புதான் தாளத்துக்கும் கை கொடுக்குது. குரங்குக்கு கேட்டு அதே மாதிரி சொல்ற திறமை இல்ல. நம்ம குழந்தைங்க பேச்சு கத்துக்கிறதும் கேட்டுக் கேட்டுத்தானே? அப்ப இந்த விஷயத்துல நமக்குப் பக்கத்துல நிக்கிறது குரங்கு இல்ல, கிளிதான்.

இந்தக் கணக்குலயும் ஓட்டை விழுந்துச்சு. 2013ல கலிபோர்னியா சான்டா குரூஸ்ல ரோனன்ங்கற கடல் சிங்கம், இனத்துக்கே குரல் நகல் பண்ற திறமை இருக்கிறதா தெரியல, ஆனா மீன் கொடுத்துப் பழக்கினதும் பீட்டுக்கு தலை ஆட்டுச்சு, அதுவரைக்கும் கேக்காத பாட்டுக்கும் கூட ஆட்டுச்சு. குரங்கோட தூரத்து உறவான மடகாஸ்கர் இந்த்ரி லெமூர் குடும்பமா சேர்ந்து பாடுமே, அந்தப் பாட்டுல சத்தங்களுக்கு நடுவுல வர்ற இடைவெளி ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ரெண்டுன்னு விழுதுன்னு 2021ல காட்டியிருக்காங்க. குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு ரெண்டுங்கற மாதிரி. அதனால இசைய ஒரே சாமானா நினைச்சு இந்த விலங்குக்கு இருக்கா இல்லையான்னு கேக்கவே கூடாது. பீட் பிடிக்கிறது தனி, கேட்டுக் கத்துக்கிறது தனி, நேரத்தைப் பிரிக்கிறது தனி, எந்தத் துண்டு எந்த ஜீவன்கிட்ட இருக்குன்னு பாத்தாதான் எது எப்ப வந்துச்சு, எதோட ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னு புரியும்.

பேச்சு பக்கம் வந்தா எனக்கு ரொம்பப் பெரிசா தெரியறது, பறவை கடையில கூண்டுல விக்கிறாங்களே ஜீப்ரா ஃபின்ச், அதை வச்சு நியூயார்க்ல பண்ணி 2009ல வெளியான சோதனை. ஆண் குஞ்சு பெரிய ஆண்கிட்ட கேட்டுத்தான் பாட்டு கத்துக்கும். தனியா வளர்த்தா இழுவையும் கீச்சலுமா ஒழுங்கில்லாத பாட்டுதான் வரும். அப்படி வளர்ந்ததையே வாத்தியாரா வச்சு ஒரு குஞ்சுக்கு கத்துக் கொடுக்க விட்டாங்க, அந்தக் குஞ்சு வளர்ந்ததும் அடுத்த குஞ்சுக்கு. ஒவ்வொண்ணும் காப்பி அடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சம் மாத்திச்சு, மூணு நாலு தலைமுறையில பாட்டு காட்டுல பாடுற மாதிரியே கிட்டத்தட்ட ஆயிடுச்சு! நல்ல பாட்ட அதுங்களுக்கு யாருமே பாடிக் காட்டல. பிறவியில வர்றது எவ்வளவு, கைமாறி கைமாறி உருவாகறது எவ்வளவுங்கற கேள்விய மனுஷக் குழந்தைய வச்சு இப்படி சோதிக்க முடியுமா? செய்யவும் கூடாது. அதனாலதான் பறவை வேணும்.

ஒரு வேண்டுகோள். ஜப்பான்ல கசுவோ ஒகனோயா பண்ணின பெங்கலீஸ் ஃபின்ச்ங்கற கூண்டுப் பறவை ஆய்வைப் பத்தி ஒரு கட்டுரை போடுங்க. அதோட காட்டு மூதாதை வெண்முதுகுச் சில்லை, அந்த இனம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் இருக்கு. காட்டுப் பறவை ஒரே வரிசையில பாடும், சுமார் 250 வருஷம் கூண்டுல வளர்த்த பறவை வரிசைய மாத்தி மாத்தி கோத்துப் பாடும். ஏன் அப்படி ஆச்சுன்னு அவர் சொல்ற காரணத்தையும் விவரமா போட்டா என் மாணவர்களுக்கும் படிக்கக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
மிருதங்க ஆசிரியர், கும்பகோணம்