மலையகம் போய் வந்த 12 பிள்ளைகள் சார்பிலும், போகாத ஒருவன் சார்பிலும்

ஏற்காட்டிலும் சேலத்திலும், அங்கே இலங்கை மலையகத்திலும் எங்களுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. திரும்பி வந்ததும் காலாண்டு விடைத்தாள் கட்டு காத்திருந்தது. அப்புறம் எனக்கே காய்ச்சல். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியர்கள் 3 பேரும் காலாண்டு விடுமுறையில் ஆறு நாள் நுவரெலியா, ஹட்டன் பக்கம் போய் வந்தோம். வறுமை, இடப்பெயர்வு என்ற இரண்டு சொல்லையும் பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். அந்தச் சொற்களுக்குள் இருக்கிற ஆட்களைப் போய்ப் பார்க்கட்டும் என்று நினைத்தோம்.

வெளிநாடு என்றால் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போங்கள் டீச்சர் என்றார்கள் பெற்றோர் சிலர். நியாயமான ஆசைதான். நான் பிடிவாதமாக இலங்கை என்றதற்குக் காரணம் நம் மலையிலேயே இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதே காலத்தில்தான் இலங்கை மலையிலும் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். இங்கே இருக்கிற காட்டில் வேலை செய்ய ஆள் இருந்தது. அங்கே இல்லை. கங்காணிகள் சேலம், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் ஊர் ஊராக வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். 1876 இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் நம் சேலம் பட்ட பாடு தெரியும்தானே. போனவர்கள் ஆசைப்பட்டா போனார்கள்?

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை அண்ணன்மாருக்கு. எங்கள் பழைய மாணவர் ஒருவர் அங்கே வேலை செய்கிறார். அவர் ஒரு வார்த்தை சொன்னதற்கு, பட்டறை பட்டறையாக ஆளுக்கு 200, 500 என்று போட்டு ஒரு துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில்லறையை எண்ணவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பெரிய தொகை கொடுத்த காப்பித் தோட்டக்காரர் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். ஒண்டிக்கடை பக்கம் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் அக்கா பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லா வாங்கித் தந்தார். ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குக் குளிருக்குத் தனியாகத் துணி எதற்கு என்று நான் சிரித்தேன். நுவரெலியா நம் மலையை விட ஏறத்தாழ 350 மீட்டர் உயரம் என்பது அங்கே இறங்கிய முதல் இரவு தெரிந்தது. அக்காவிடம் தோற்றுவிட்டேன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாஸ்போர்ட் பாடு தனிக்கதை. 13 பேருக்கு விண்ணப்பித்தோம். ஒரு மாணவியின் அப்பா குடகில் மிளகு பறிக்கப் போயிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் காகிதம் நகராது. மைசூர் பக்கம் லோடு அடிக்கும் வேன் டிரைவர் அண்ணன் ஒருவர் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போய், எஸ்டேட் எஸ்டேட்டாக விசாரித்துக் கையெழுத்து வாங்கி நாலாம் நாள் கொண்டுவந்தார். டீசல் காசுகூட வாங்கவில்லை. அண்ணா, உங்களால்தான் அந்தப் பெண் விமானம் ஏறினாள்.

பதின்மூன்றாவது பையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிறப்புச் சான்றிதழில் அவன் பெயரில் ஒரு எழுத்து வேறு, ஆதாரில் வேறு. திருத்தித் தரச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தோம். 'அடுத்த வாரம் வாங்க' என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. கிளம்பும் நாள் வந்துவிட்டது. சேலம் ஜங்ஷனுக்கு வந்து எல்லோர் பையையும் தூக்கி ஏற்றிவிட்டு அவன் கீழே நின்றான். கையில் அரைக் கிலோ காப்பித்தூள் பொட்டலம், அவன் வீட்டில் வறுத்து அரைத்தது. 'அங்க யாருக்காவது கொடுங்க டீச்சர்' என்றான். ஏற்காட்டுக்கே போகாத ஏற்காடு எக்ஸ்பிரஸில் நாங்கள் சென்னைக்குப் புறப்பட்டோம்.

கிளம்புவதற்கு முன் எங்களுக்கு வகுப்பெடுத்த சேலத்துப் பெரியவருக்கும் நன்றி. பத்து வயதில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாம், நீலகிரித் தேயிலை, அப்புறம் சேலம் என்று அலைந்தவர். மலையகத்துப் பேச்சில் காம்பரா என்றால் அறை, பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம், பேர் என்றால் ஒரு நாள் கூலி, கவ்வாத்து என்றால் தேயிலையை வெட்டிவிடுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். 'அங்க எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னாங்க' என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவர் சொன்ன கணக்கை ஒரு பையன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். 1948 இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத்தில் ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றானார்கள். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை என்ன செய்வதென்று அப்போது முடிவாகவில்லை. பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ஆட்களைக் கேட்டா பிரித்தார்கள் என்று அந்தப் பையன் நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறான். கடைசியாக மிஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை தரும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

மலையகத்தில் எங்களை வரவேற்றது ஒரு தோட்டப் பள்ளியின் ஆசிரியை. அவருக்கு நான் நன்றி சொல்வதைவிட மன்னிப்புக் கேட்பதே முறை. லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குள் நுழைந்ததும் எங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை, கவனிக்கக்கூட இல்லை. அந்த ஆசிரியை சத்தம் போடாமல், 'தங்கச்சி, போனை உள்ள வைங்க. முதல்ல உக்காந்து தேத்தண்ணி குடிங்க. பேசுன பொறகு படம் எடுக்கலாமான்னு அவங்களையே கேளுங்க' என்றார். இருபது வருடம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அது தோன்றாமல் போனது எப்படி என்று இன்னும் யோசிக்கிறேன்.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். அதில் ஒரு குடும்பம். நாங்கள் போன லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் இங்கே குழந்தை விழிக்கும். ஒரு நாள் பேர் முழுதாக விழ 18 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்றார்கள். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறுமாம். குறைந்தால் அரைப்பேர். நாள் சம்பளம் 1,000 இலங்கை ரூபாய் ஆவதற்கே பல வருடம் போராடி, 2021 இல்தான் கிடைத்தது. அந்த 1,000 நம் காசுக்கு ஏறத்தாழ 300 ரூபாய்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது. எங்கள் மாணவி ஒருத்தி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் பத்து நிமிடம் நின்று பார்த்தாள். நம் காப்பிக் காட்டு வேலைக்குப் போகும் வீட்டுப் பெண்தான். இறங்கி வந்து ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை அவளும் அந்த லயத்துப் பெண் ஒருத்தியும் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இஸ்தோப்பு என்றால் முன்திண்ணை. அந்தப் பெண்ணின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். இவளுடைய அப்பாதான் குடகில் இருப்பவர். 'உங்கப்பா எத்தன மாசத்துக்கு ஒருக்கா வருவாரு?' 'பொங்கலுக்கு, அப்புறம் மாரியம்மன் நோம்பிக்கு.' 'ஒங்களுக்குப் பரவால்ல. எங்கம்மா வந்து மூணு வருசமாச்சு.' ஒட்டுக்கேட்டது தப்புதான். ஆனால் ஆறு நாளில் நான் நடத்திய எந்த வகுப்பும் இந்த நாலு வரிக்கு ஈடில்லை. எங்கள் மலையிலிருந்து குடகுக்கும் கேரளாவுக்கும் ஆள் போவதும், நம் எஸ்டேட்டுகளுக்கு வடக்கேயிருந்து ஆள் வருவதும் தினம் பார்ப்பதுதான். அதை ஒரு பாடமாக நான் ஒரு நாளும் எடுத்ததில்லை.

காப்பித்தூளை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு மூதாட்டி இருந்தார். எங்கள் பையன் ஒருவன் வழக்கம்போல 'அம்மாயி' என்று கூப்பிட்டான். அவர் நிமிர்ந்து, 'நீங்க எந்தப் பக்கம்?' என்றார். சேலம் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். 'எங்கப்பாயி சேலம் ஜில்லான்னுதான் சொல்லும். ஊரு பேரு எனக்கு ஞாவகமில்ல சாமி.' தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கங்காணி கூட்டி வந்தானாம்.

காப்பித்தூளை முகர்ந்து பார்த்துவிட்டு, 'கோப்பி நடத்தான்டா எங்காளுங்க வந்தாங்க. கோப்பி போயிருச்சு, நாங்க நின்னுட்டோம்' என்றார். வரலாறும் அப்படித்தான். 1869 இல் இலைத் துருநோய் வந்து இலங்கைக் காப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துரை என்ற தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் தேயிலை போட்டுப் பார்த்திருந்தார். தோட்டங்கள் தேயிலைக்கு மாறின, ஆட்கள் அப்படியே இருந்தார்கள்.

தூளைக் கொடுத்தனுப்பிய பையன் ஏன் வரவில்லை என்று அம்மாயி கேட்டார். ஒரு எழுத்து மாறியதால் பாஸ்போர்ட் வரவில்லை என்றோம். அவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. 'எங்க வீட்டுக்காரருக்கும் அப்பிடித்தான். துண்டுச்சீட்டுல ஒரு பேரு, பதிவுல ஒரு பேரு. சாகுற வரைக்கும் அவருக்கு எந்த நாடுமில்ல' என்றார். அப்புறம் உள்ளே போய், தோட்டத்தில் கொடுத்த தேயிலைத்தூளில் ஒரு பொட்டலம் கட்டி வந்தார். 'வராத புள்ளைக்கு.'

அந்த அம்மாயிக்கும், எங்களுக்குத் தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் என்கிற மிளகாய்த் தொடுகறியோடு போட்ட லயத்து அக்காமாருக்கும், நாங்கள் படுக்கத் தம் காம்பராவை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்த குடும்பத்துக்கும், நானுஓயா ஸ்டேஷனில் மழையில் எங்கள் பைகளைத் தூக்கிய தம்பிகளுக்கும் நன்றி. 15 பேருக்குச் சோறு போடுவது அவர்களுக்கு எத்தனை நாள் பேர் என்று எங்கள் கணக்குப் பையன் கணக்குப் போட்டான். அதை இங்கே எழுத வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

கடைசியாகக் கணக்கு. வசூல், செலவு எல்லாம் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செலவு போக மீதி 8,460 ரூபாய். போன செவ்வாய்க்கிழமை அந்தப் பையனின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வகுப்புக்கு எடுத்து வந்து எல்லோர் கையிலும் கொடுத்து வாங்கினான். மீதிப் பணத்தை அவனுடைய டிக்கெட்டுக்காக அப்படியே வைத்திருக்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பணம் கொடுத்தவர்களில் யாருக்காவது வேறு யோசனை இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் என்னிடம் சொல்லுங்கள்.

தேயிலைப் பொட்டலத்தை அவன் அம்மா இன்னும் பிரிக்கவில்லையாம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை,
ஏற்காடு