ராசண்ணன் போன்

குமுளி,
ஞாயிறு இரவு

சாந்தி,

நல்லா இருக்கிறாயா? அண்ணனும் பிள்ளைகளும் சுகம்தானே? தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலைக்கு ஒரு வார்த்தை பதில் போடவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாய், எடுக்கவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் பொங்கலுக்கு வரும்போது மொத்தமாகத் திட்டிவிடு. போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீயும் பாதியிலேயே "சரி, அப்புறம்?" என்பாய். கேள்வித்தாளைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுத ஆரம்பித்தவள்தானே நீ. இதை மட்டும் கடைசி வரி வரைக்கும் படி.

எங்கள் ஏலக்காய்க் கம்பெனியில் வேலை பார்க்கிற ராசண்ணன் போனில் இருந்த எல்லாவற்றையும், ஆபீஸில் இருந்தபடியே நான் அழித்துவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. கம்பத்திலிருந்து காலை ஜீப்பில் மேலே வந்தவர், கம்பம்மெட்டில் டீ குடிக்க இறங்கிச் சட்டைப் பையைத் தடவினால் போன் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் போன் வாங்கி முதல் ஆளாக எனக்குத்தான் பேசினார். போன் தொலைந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று காய் எடை போடுகிற எல்லா டிப்போவிலும் ஒட்டியிருக்கும் தாளை எழுதியதே நான். அவர் அதை அப்படியே செய்தார்.

அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோ காய் எடுத்தோம் என்ற கணக்கு, நமக்குக் காய் போடுகிற விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள், அதற்கு மேல் மறுநாள் புத்தடி ஏலக்காய் ஏலத்தில் எந்த லாட்டுக்கு எந்த விலை வரை போகலாம் என்று முதலாளி எழுதி அனுப்பிய தாளின் போட்டோ. ஏலத்துக்கு முந்தின நாள் அது வேறு வியாபாரி கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஜீப்பில் ஏறி இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஏலக்காய்த் தொழிலில்தான் இருக்கிறார்கள்.

வேலைக்குப் பயன்படுகிற போன்களில் கம்பெனி ஆப் ஒன்று ஏற்றியிருக்கும், அதற்கு ஆபீஸிலிருந்தே நான் கட்டளை அனுப்பலாம். என் திரையில் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று, கம்பெனி சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துவிடும். இன்னொன்று, கடையில் வாங்கிய நாளில் இருந்த மாதிரி போனையே காலியாக்கிவிடும். முதலாவதைத்தான் அழுத்தப் போனேன். ஆனால் எடைச் சீட்டை எல்லாரும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதெல்லாம் பேத்தி போட்டோவோடு கலந்து கேலரியில் கிடக்கும், அந்தக் கட்டளைக்கு எட்டாது. அதனால் இரண்டாவதை அழுத்தினேன். மெட்டில் தமிழ்நாட்டு டவர் நன்றாகக் கிடைக்கும். இரண்டு நிமிடத்தில் "முடிந்தது" என்று பச்சை எழுத்து வந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன் சாந்தி.

சாயங்காலம் ஜீப் டிரைவர் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். பின் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம்.

ராசண்ணன் அதைத் திறந்தார், மொழியைத் தேர்வு செய்யச் சொல்லிக் கேட்டது. என்னிடம் நீட்டி, "தாயி, மாரி பேசுனதெல்லாம் எங்க இருக்கு?" என்றார்.

அவர் மனைவி மாரியக்காவுக்கு டைப் பண்ண வராது. எதுவானாலும் குரலாகத்தான் அனுப்புவார். சாப்பிட்டீகளா, மேல மழையா, கரண்டு பில்லு கட்டியாச்சு, மாத்திரை தீர்ந்துபோச்சு, இப்படி நாலு வருஷத்துப் பேச்சு. அக்கா போன பங்குனியில் தவறியதிலிருந்து தினமும் ராத்திரி ஒன்றிரண்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் படுப்பாராம். இது எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

பேக்கப் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தேன். முன்பெல்லாம் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கின் இடத்தில் சேராது. 2024-லிருந்து அதையும் அந்த இலவச 15 ஜிபிக்குள் கணக்கு வைக்கிறார்கள். அவருடைய கணக்கு எடைச் சீட்டுப் போட்டோக்களாலேயே எப்போதோ நிரம்பிவிட்டது. நம் கம்பெனி சீட்டுகள்தான். இடம் இல்லை என்று ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பை மாதக்கணக்கில் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மதுரையில் தகவல் மீட்கிற கடைக்குப் போனோம், அந்தப் பையன் கையை விரித்துவிட்டான். அவன் சொன்னது சரிதான். இப்போது வருகிற போன்களில் எல்லாமே மறையாக்கம் செய்துதான் சேமிக்கப்படுகிறது. அழிக்கச் சொன்னால் முதலில் போவது அதன் சாவி. சாவி போன பிறகு உள்ளே மிச்சம் கிடப்பதை யாராலும் படிக்க முடியாது. திருடனுக்காகப் போட்ட பூட்டு இது.

முதலாளியிடம் சொன்னேன். "அது போட்டே, ஃபோன் கிட்டியில்லே?" என்றார் மலையாளத்தில். அது போகட்டும், போன் கிடைத்துவிட்டதே என்கிறார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ராசண்ணன் அதற்கும் மேல். "பரவால்ல தாயி, கம்பெனி கணக்கு வெளிய போயிருந்தா எத்தன பேருக்கு நட்டம்" என்கிறார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

சாந்தி, அது அவருடைய சொந்த போன். கம்பெனி ஒரு ரூபாய் போடவில்லை. முழுப் போனையும் அழிக்கிற அதிகாரம் என் கைக்கு எப்படி வந்தது என்று தோண்டிப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாருடைய போனிலும் கம்பெனி ஆப்பைப் பழைய "டிவைஸ் அட்மின்" முறையில் ஏற்றியிருக்கிறார். 2018-ல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோதே கூகுள் அந்த முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. அதை ஏற்றும்போது ஒரு திரை வரும், "எச்சரிக்காமலே எல்லாவற்றையும் அழிக்கலாம்" என்று அதில் ஒரு வரி இருக்கும். அதற்குத்தான் சம்மதம் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில். ராசண்ணனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், மலையாளம் பேச வரும். "இதை அமுக்குங்கண்ணே" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அமுக்கியிருப்பார்.

சொந்த போனுக்கு வேறு வழி 2014-லிருந்தே இருக்கிறது, ஆண்ட்ராய்டு 5 வந்த நாளிலிருந்து. வொர்க் புரொஃபைல். ஒரே வீட்டுக்குள் தனிப் பூட்டுப் போட்ட அறை மாதிரி. அதற்குள் இருக்கும் ஆப்களில் சின்னதாக ஒரு பெட்டிப் படம் ஒட்டியிருக்கும். வேலை முடிந்ததும் அந்த அறையையே அணைத்து வைக்கலாம். அறைக்கு வெளியே இருக்கிற போட்டோவோ மெசேஜோ எதுவும் என் கண்ணில் படாது. போன் தொலைந்தால் நான் அழிக்க முடிவது அந்த அறையை மட்டும்தான், நானே நினைத்தாலும் அதைத் தாண்ட முடியாது. அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பிடித்தது. அவசரத்தில் என் கை எங்கே போகும் என்று நான் பார்த்துவிட்டேன்.

அன்றே பூட்டும் கட்டளையை மட்டும் அனுப்பியிருக்கலாம். அவர் கணக்கை சர்வரில் துண்டித்திருக்கலாம், இருப்பிடம் பார்த்திருக்கலாம். அந்தப் புள்ளி ஜீப்போடு நகர்வதைப் பார்த்திருந்தாலே விஷயம் புரிந்திருக்கும். சாயங்காலம் வரை கிடைக்காவிட்டால் போலீசில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணைப் போட்டுத் தடை செய்திருக்கலாம், 2023-லிருந்து அந்த வசதி இருக்கிறது. கம்பம்மெட்டு ஸ்டேஷனா, கீழே கம்பம் ஸ்டேஷனா என்று அலையவிட்டிருப்பார்கள், அது வேறு. ஆனால் அழிப்பது கடைசியில்தான் வந்திருக்க வேண்டும்.

மறுபடியும் முதலாளியிடம் போனேன். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. ஒரு மூட்டைக் காய் விலைக்குப் பத்துப் போன் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது எடை போடுகிற இடத்துக்கெல்லாம் கம்பெனி போன் வந்துவிட்டது. புதுப் போனின் முதல் திரையில் ஒரே இடத்தில் ஆறு தடவை தட்டினால் க்யூஆர் கேமரா திறக்கும். என் குறியீட்டைக் காட்டினால் போதும், தானாக எல்லாம் ஏறி எடை ஆப் மட்டும் நிற்கும். டிப்போப் பையன்கள் வித்தை பார்க்கிற மாதிரி சுற்றி நின்று பார்க்கிறார்கள். அந்தப் போன்களை எப்போது வேண்டுமானாலும் முழுசாக அழிப்பேன், அதில் யாருடைய வீடும் இல்லை. சொந்த போனில்தான் வேலை பார்ப்பேன் என்பவர்களுக்கு வொர்க் புரொஃபைல். அதில் சீட்டுக்கான கேமராவும் உள்ளேயே இருக்கிறது, போட்டோ வெளியே கலக்காது. ஒவ்வொருவரிடமும் நானே உட்கார்ந்து, எதை அழிப்பேன், எதை என்னால் தொட முடியாது என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுகிறேன். இன்னும் முப்பது பேர் பாக்கி.

உன் பனியன் கம்பெனியில் சேல்ஸ் பையன்கள் எல்லாரும் சொந்த போன்தானே வைத்திருக்கிறார்கள்? நாளைக்குக் காலையில் முதல் வேலையாக, எந்த முறையில் ஏற்றியிருக்கிறது என்று உங்கள் சிஸ்டம் ஆளைக் கேள். "செக்யூரிட்டி எல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்பான். அதை விட்டுவிடாதே. அவன் திரையில் அழிக்கிற கட்டளையைக் காட்டச் சொல், அது எதுவரை போகும் என்று கேள்.

இன்னொன்று. உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் கல்யாணத்தில் நலங்குக்கு மாரியக்கா பாடினாரே. வீடியோக்காரர் லைட்டைத் திருப்பியதும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார், நீதான் "அக்கா, முதல்ல இருந்து பாடுங்க" என்று பிடிவாதம் பிடித்துப் பாட வைத்தாய். அந்த டிவிடி உத்தமபாளையத்தில் உன் அம்மா பீரோவில், ஆல்பத்துக்கு அடியில் இருந்தது. நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்குப் போன் போட்டு, இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல். இருந்தால் யாரும் பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம், எடுத்துப் போடும்போது கீறல் விழலாம். கூரியரிலும் போடாதே. பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டு வா, இங்கே நான் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொள்கிறேன்.

ராசண்ணனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ பதில் போட்ட பிறகு சொல்கிறேன்.

சரோஜா